தானாகச் சரியானது

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், மூன்றாவது மாடி.
ஏழாம் லைனில் நான் காலர்.
எனக்கு முன்னால் வேடியம்மாள், கஃப்.
பதினோரு வருடமாக அவள் பின்னங்கழுத்தைப் பார்த்தபடி தைக்கிறேன்.
கனகாம்பரம் இருந்தால் அன்று சம்பளம்.

முந்நூறு மிஷினுக்கு மெக்கானிக் இரண்டு பேர்.
இடுப்பில் தோல் பை, பையில் ஸ்பேனர்.
அவர்களுக்கு நாற்காலி உண்டு, டீக்குக் கணக்கில்லை.
எங்களுக்கு பாத்ரூம் போக டோக்கன்.
மிஷின் நின்றாலும் நேரம் நிற்காது;
தைக்காத பீஸெல்லாம் எங்கள் தலையில்.

நாகேந்திரா வருவதற்குள் நாற்பது கஃப் போய்விடும் என்று
ஒருநாள் வேடியம்மாளே குனிந்தாள்.
கொண்டை ஊசி, கத்தரி முனை,
பாபினுக்கு அடியில் ஒரு விரல்.
என்னடி பண்ணினே என்றேன்.
"ஊசி அடிவரைக்கும் இறங்கும்.
இறங்கி, எள்ளளவு ஏறும்.
அந்த நேரம் பார்த்துக் கொக்கி வந்து
நூலை வாங்கிக்கணும்.
முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.
பால் பொங்குற நேரம் உனக்குத் தெரியாதா?
அவ்வளவுதான்."

பழுதுப் பதிவேட்டில் சூப்பர்வைசர் ருத்ரேஷ்
கன்னடத்தில் எழுதியதைக் கெம்பம்மா படித்துச் சொன்னாள்:
ஏழாம் லைன். மிஷின் பத்தொன்பது. தையல் விட்டுப்போகிறது.
தானாகச் சரியானது.

வேடியம்மாள் சிரித்த சிரிப்பில்
பட்டன் லைன் வரைக்கும் தலைகள் திரும்பின.
"எங்க வீட்லயும் அப்படித்தான்.
சோறு தானா வேகும்.
துணி தானா மடிஞ்சுக்கும்.
மாமியாருக்குப் படுக்கைப்புண்கூடத்
தானா ஆறிடுச்சு."

அதன்பிறகு எத்தனையோ மிஷின் தானாகச் சரியாயின.
நாலாம் லைனில் யாராவது பாபினைத் தூக்கிக் காட்டுவார்கள்.
இவள் டோக்கன் வாங்குவாள்,
பாத்ரூம் போகிற வழியில் ஒரு நிமிஷம் குனிவாள்.
சிக்பேட்டையில் அறுபது ரூபாய்க்கு ஒரு ஸ்க்ரூடிரைவர்.
அது டிபன் பாக்ஸின் கீழ்த்தட்டில்.
மெக்கானிக்குக்கு எங்களைவிட ஆறாயிரம் கூட.
அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை.
மாலையில் லாரி ஏற வேண்டிய சரக்கு.
நாகேந்திரா திருப்பதியில், மற்றவனுக்கு டெங்கு.
பத்தே காலுக்குக் காஜா மிஷின் நின்றது.
காஜா நின்றால் லைனே நிற்கும்.
ருத்ரேஷ் தொண்டையைச் செருமினார்.
"வேடியம்மா, கொஞ்சம் பாரு."
எல்லார் முன்னாலும். முதல்முறையாக.

அவள் எழவில்லை.
"நான் டெய்லர் சார்.
ரிப்பேர் ஆம்பளைங்க வேலை.
இருங்க, தானா சரியாயிடும்."

இருந்தோம்.
ஜன்னல் கம்பியில் புறாக்கள்
இவ்வளவு பேசும் என்று அன்றுதான் தெரிந்தது.
நேரமானால் கிரஷ் பூட்டிவிடுவார்கள்,
பிள்ளை வாசலில் நிற்கும் என்று ஜபீனா முணுமுணுத்தாள்.
நானும் மனசுக்குள் திட்டினேன்.
இந்த வரியை விட்டுவிட்டும் எழுதியிருக்கலாம்.

இருபத்தாறு நிமிடம்.
பதிவேடு வந்தது. ருத்ரேஷ் எழுதினார்.
கெம்பம்மா எட்டிப் பார்த்து,
ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் கூட்டி,
உன் பேர்தான் என்று தலையசைத்தாள்.
அப்புறம்தான் டிபன் பாக்ஸ் திறந்தது.
மேலே தயிர்ச்சோறு, மாவடு.

அந்த இருபத்தாறு நிமிடத்தையும்
சாயங்காலம் எங்களிடமே வசூலித்தார்கள்.
ஜபீனா இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் பாபினைத் தூக்கிக் காட்டினாள்.

புதன் இரவு பஸ்ஸில்
நகக்கண் எண்ணெயைச் சுரண்டிக்கொண்டே வேடியம்மாள் சொன்னாள்:
வீட்டில் மிக்ஸி ஓடவில்லையாம்.
நீ தொடாதே, கெட்டுப்போகும் என்று
புருஷன் கடைக்குத் தூக்கிப்போய்
முந்நூறு ரூபாய் கொடுத்து வந்தானாம்.

"நீ சொல்லலையா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம்
மடியிலிருந்த டிபன் பாக்ஸில்
ஏதோ உருண்டு உருண்டு தட்டியது.